நன்னூலார் தராசில் சதுரங்கப் புத்தகங்கள்

சதுரங்கம் நம்முடைய ஆட்டம் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழுகிறது. அந்த ஆட்டத்தைப் பற்றிய புத்தகங்களை நம்மவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் சபை அமைதியாகி விடுகிறது. கம்பனை அலசுகிறோம், பாரதியை அலசுகிறோம், சினிமாப் பாட்டைக்கூட விட்டு வைப்பதில்லை. சதுரங்க நூலை ஒரு நூலாக எடுத்து வைத்து, இது நல்ல நூலா, கெட்ட நூலா, யாருக்கு உதவும் என்று யாரும் பேசக் காணோம். என் கடைக்கு வருகிற பெற்றோர் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "எந்த ஓப்பனிங் படிச்சா பையன் சீக்கிரம் ஜெயிப்பான்?"

அந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. நம் படிப்பறைக்குச் சதுரங்க நூல்கள் வாங்க ஒரு தொகை ஒதுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு சாரார், புத்தகமே வேண்டாம், கம்ப்யூட்டரில் தொடக்க ஆட்டப் பாடங்களை வாங்கிப் போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொரு சாரார் தடித் தடியான ஓப்பனிங் களஞ்சியங்களை வாங்கி அலமாரியை நிரப்பச் சொல்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எடைபோட ஒரு தராசு வேண்டுமே. பாத்திரக்கடைக்காரனுக்குத் தராசு புதிதல்ல, ஆனால் இதற்கு நான் எடுத்துக்கொள்வது பவணந்தி முனிவரின் நன்னூல். இலக்கண நூலுக்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். நன்னூலின் பொதுப்பாயிரம் எழுத்தையும் சொல்லையும் பற்றியது அல்ல. நூல் என்றால் என்ன, அதற்கு வரக்கூடிய பத்துக் குற்றங்கள் எவை, பத்து அழகுகள் எவை, கற்பிப்பவன் எப்படி, கற்பவன் எப்படி என்பதுதான் அதன் பொருள். எந்தத் துறை நூலுக்கும் அது பொருந்தும். இன்னொரு பாத்தியதையும் நமக்கு உண்டு. பவணந்தியாரை எழுதச் சொன்ன சீயகங்கன் கங்கர் மரபினன். கங்கர்களின் பழைய தலைநகரான குவளாலபுரம் தான் இன்றைய கோலார். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் குடியிருக்கிற நாம் நன்னூலை அந்நிய ஊர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை.

முதலில் களஞ்சியங்களைப் பார்ப்போம். 'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' என்ற ஆங்கில நூலை கிரிஃபித், வைட் என்ற இருவர் 1911-இல் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பல பதிப்பாசிரியர்கள் கைமாறி, பதினைந்து பதிப்புகளுக்கு வந்துவிட்டது. பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் ஒரு பழைய பதிப்பை வாங்கி வந்து பல வருஷம் புரட்டியிருக்கிறேன். பக்கம் முழுக்கப் பத்தி பத்தியாக நகர்த்தல்கள். கீழே கடைசியில் வெள்ளைக்கு மேல், சமம், கறுப்புக்கு மேல் என்று ஒரு தீர்ப்பு. ஏன் மேல்? அங்கிருந்து என்ன செய்வது? அதற்கு இடமில்லை. நன்னூலார் பத்துக் குற்றங்களில் முதலில் வைப்பது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் குறைத்து விடுவது. இந்த நூலின் குற்றம் அதுவே.

வியாபாரிக்குப் புரியும்படி சொல்கிறேன். பேரேட்டைப் பார்த்தால் இன்னாரிடம் இவ்வளவு பாக்கி என்பது தெரியும். அந்தப் பாக்கி எப்படி விழுந்தது, ஆள் கல்யாணத்துக்கு வாங்கினானா, ஏமாற்றினானா என்பது நாள்வழியைப் பார்த்தால்தான் தெரியும். களஞ்சியங்கள் பேரேடு. கணக்குத் தெரிந்தவனுக்குப் பேரேடு இல்லாமல் முடியாது. புதிதாகக் கடையில் உட்கார்ந்த பையனிடம் முதல் நாளே அதைக் கொடுத்தால் அவனுக்கு எண்கள்தான் தெரியும், வியாபாரம் தெரியாது.

அந்தப் பழைய பதிப்பில் இன்னொரு தொல்லை. நகர்த்தல்களை 'பி-கே4' என்ற பழைய ஆங்கில முறையில் எழுதியிருப்பார்கள். ஒரே கட்டத்துக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு பெயர், கறுப்புப் பக்கத்திலிருந்து வேறொரு பெயர். 1981-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அந்த முறையைக் கைவிட்டு, எழுத்தும் எண்ணும் சேர்ந்த 'இ4' முறையை மட்டும் ஏற்றது. பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடும்.

பெல்கிரேடிலிருந்து வந்த களஞ்சியம் வேறு ஜாதி. 1966-இல் 'செஸ் இன்ஃபார்மன்ட்' என்ற தொகுதியை மத்தானோவிச் தலைமையில் தொடங்கினார்கள். 1974 முதல் 'என்சைக்ளோபீடியா' ஐந்து பாகமாக வந்தது. ஏ முதல் இ வரை ஐந்து எழுத்து, ஒவ்வொன்றுக்கும் நூறு எண், ஆக ஐந்நூறு அறைகளில் உலகத்து ஓப்பனிங் அனைத்தும் அடக்கம். அதில் உரைநடையே கிடையாது. விளக்கமெல்லாம் குறிகள்தான். வெள்ளைக்குச் சற்று மேல் என்றால் ஒரு குறி, நிலை தெளிவில்லை என்றால் முடிவிலிக் குறி. ரஷ்யனும் அர்ஜென்டினாக்காரனும் மாரிக்குப்பத்துப் பையனும் ஒரே பக்கத்தை ஒரே மாதிரி படிக்கலாம். மொழியை விட்டுவிட்டு ஒரு நூல் எழுத முடியும் என்று காட்டியது பெரிய சாதனை. ஆனால் காரணம் சொல்ல மொழி வேண்டும். குறி தீர்ப்புத்தான் சொல்லும். சுருங்கச் சொல்லல் நூலுக்கு அழகு என்ற நன்னூலார் அதை அடுத்தே விளங்க வைத்தலையும் சொன்னார். இரண்டையும் பிரிக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இர்விங் செர்னெவ் 1957-இல் எழுதிய 'லாஜிக்கல் செஸ்: மூவ் பை மூவ்' இருக்கிறது. 33 ஆட்டங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்கிறார். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் ஏன் தள்ள வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பச் சொல்கிறார். கூறியது கூறல் என்று நன்னூல்படி குற்றப்பத்திரிகை எழுதலாம். எனக்கு மனசு வரவில்லை. பாட்டி சோறு ஊட்டும்போது ஒரே கதையைத் திரும்பச் சொல்வாளே, அந்த வகை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தனியாகப் படிக்கக் கொடுக்க இதைவிட உகந்த ஆங்கில நூல் எனக்குத் தெரியாது. ஆட்டங்களுக்குச் சொல்லும் காரணங்கள் சில இடங்களில் ரொம்ப எளிமையாகி விடுகின்றன, தோற்றவனை அளவுக்கு மீறி முட்டாளாக்குகிறார் என்பது உண்மை. பிள்ளை வளர்ந்தபின் அதைத் தானே கண்டுபிடிக்கும்.

முறையின் வைப்பு என்று ஓர் அழகு உண்டு. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பது. இதில் காப்பபிளாங்காவை வெல்ல ஆளில்லை. அவர் உலக சாம்பியனான 1921-ஆம் ஆண்டிலேயே வந்த 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' நூல், ஓப்பனிங்கில் தொடங்கவில்லை. பலகையில் நாலைந்து காய்கள் மட்டும் இருக்கும் முடிவு நிலையில் தொடங்குகிறது. ராஜாவும் ஒரு சிப்பாயும் இருந்தால் எப்படி ஜெயிப்பது என்பது அங்கே முதல் பாடங்களுள் ஒன்று. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுத்தானே வாசல் வைக்கிறோம்? வாசற்கதவுக்கு மட்டும் ஆயிரம் டிசைன் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பெற்றோருக்கு இந்த நூலின் பொருளடக்கத்தைக் காட்டினாலே போதும்.

சரி, ஓப்பனிங் புத்தகம் என்பதே மேல்நாட்டுச் சரக்கா? இங்கேதான் நம்மவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. 1829-இல் சென்னையில் ஒரு நூல் அச்சானது. எழுதியவர்கள் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்ற ஆட்டக்காரரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கிலேய அதிகாரியும். பொருள், 'முஸியோ காம்பிட்' என்ற ஒரே ஒரு தொடக்க ஆட்டத்தின் ஆராய்ச்சி. கூடவே சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் கடிதம் மூலம் நடந்த இரண்டு ஆட்டங்கள். ஒரு தனி ஓப்பனிங்குக்கு என்றே எழுதப்பட்ட நூல்களில் உலக அளவில் மிகப் பழைய சிலவற்றுள் இது ஒன்று. அந்த ஆட்டத்தில் வெள்ளை தன் குதிரையை அடிக்க விட்டுவிட்டு, கறுப்பு ராஜாவின் மேல் பாய்கிறது. குதிரை போகும்போது ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிற வழிக்கு இன்றைக்கும் குலாம் காசிம் பெயர்தான். தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வேலை தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னைக்காரர் ஒருவர் பெயர் உலக ஓப்பனிங் சாஸ்திரத்தில் ஏறிவிட்டது. நம் விழா மேடைகளில் புராணச் சதுரங்கத்தைப் பேசுகிற அளவுக்கு இவரைப் பேசுவதில்லை. இது என் வருத்தம்.

அதற்கும் முன்னால் 1814-இல் பம்பாயில் ஒரு நூல் வந்தது. ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் 'திரேவங்கடாசார்ய சாஸ்திரி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருவேங்கடாசாரியார் என்பதன் சிதைவு என்று பார்த்ததும் தெரிகிறது. சம்ஸ்கிருதத்தில் அமைந்த சதுரங்கப் புதிர்களை ஐரோப்பிய விதிக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்த நூல் அது. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. சாஸ்திரியார் நூலை வழிநூல் என்று சொல்லலாம். மூலத்தை வாங்கி, காலத்துக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்கிறார். இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் ஓப்பனிங்கின் ரகசியமே இருக்கிறது.

பழைய இந்திய ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். இன்றைய மாதிரி கோட்டை கட்டுதல் கிடையாது, ராஜா ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். இதனால் இரு படைகளும் சந்திக்கவே நேரம் எடுக்கும். அவசரம் இல்லை. நிதானமாக அணிவகுத்துவிட்டுப் பிறகு சண்டை. ஐரோப்பிய விதியில் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்கிறது, ராணி பலகை முழுதும் ஓடுகிறது, நாலாவது நகர்த்தலிலேயே கழுத்துக்குக் கத்தி வந்துவிடும். அங்கே ஓப்பனிங் படிப்பு பிறந்ததில் ஆச்சரியமில்லை. கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு 1850-களில் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, ஐரோப்பிய விதியை ஏற்றுக்கொண்டும் பழைய நிதானத்தை விடவில்லை. நடுவில் உடனே சிப்பாயை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து குறிவைத்தார். இன்றைக்கு 'இந்தியன் டிஃபென்ஸ்' என்று நூற்றுக்கணக்கான புத்தகங்கள் வருகின்றனவே, அந்தப் பெயர் அவர் ஆட்டத்திலிருந்து கிளம்பியது.

பஞ்சாபின் மீர் சுல்தான் கான் கதை இன்னும் கூர்மையானது. இந்திய விதியில் வளர்ந்தவர், 1929-இல் லண்டன் போன சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933-லும் அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காப்பபிளாங்காவையே வென்றார். ஓப்பனிங் படிப்பில் அவர் பின்தங்கியவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மோசமான நிலையில் தொடங்கி, நடு ஆட்டத்திலும் முடிவிலும் மீட்டெடுப்பார். 1966-இல் மறைந்தவருக்கு 2024-இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது. "பார்த்தீர்களா, ஓப்பனிங் படிக்காமலே ஜெயிக்கலாம்" என்று சிலர் அவரை உதாரணம் காட்டுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடனோடு கடையைத் திறந்த மனிதர் அவர். கடனில்லாமல் திறந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்பதே என் கேள்வி.

நம் காலத்து ஆட்டக்காரர்களுக்கு வருவோம். வெளியூர்த் தமிழர்களான நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1935-இல் பிறந்தது பர்மாவில், டவுங்கூ ஊரில். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவையும், 1962 ஸ்டாக்ஹோமில் போர்டிஷையும் வென்றவர். 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் பெயரில் சதுரங்கக் கழகம் வந்ததற்கும் அவர் பெயரே முதலில் சொல்லப்படும். ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்றாலும், சதுரங்கப் பசி வளர்ந்த இடம் மணிலா. தகப்பனார் உத்தியோகத்துக்காகப் போன ஊர். அங்கே டெலிவிஷனில் வரும் சதுரங்கப் புதிரை, பையன் பள்ளியில் இருக்கும்போது அம்மா எழுதி வைப்பாராம். சாயங்காலம் இருவருமாகத் தீர்த்து அனுப்பி, பரிசாகப் புத்தகங்களை வாங்கி வாங்கி, கடைசியில் "வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். ஊரை விட்டு வந்த குடும்பத்தில் தாயும் பிள்ளையும் உட்கார்ந்து புதிர் போட்டதில் விளைந்த பயிர் அது.

அந்த ஆனந்தே ஓப்பனிங்குக்கு என்ன இடம் என்பதற்கு இரு பக்கமும் சாட்சி. 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் காஸ்பரோவுடன் மோதினார். எட்டு ஆட்டம் டிரா, ஒன்பதாவதில் ஆனந்த் வெற்றி. பத்தாவதில் காஸ்பரோவ் ஸ்பானிஷ் திறந்த ஆட்டத்தின் பதினாலாவது நகர்த்தலில், வீட்டிலேயே தயாரித்து வந்த புதுவழியை இறக்கி, ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்து ஆட்டத்தை முடித்தார். அங்கிருந்து போட்டியே திரும்பிவிட்டது. 2008 பானில் அதே வித்தையை ஆனந்த் கிராம்னிக்குக்குக் காட்டினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காயோடு மெரான் வழியில் இரண்டு வெற்றி. ஆகவே ஓப்பனிங் தயாரிப்பு வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது சிகரத்தில் நடக்கும் சண்டை. அடிவாரத்தில் நிற்பவன் அந்தப் பதினாலாவது நகர்த்தலை மனப்பாடம் செய்து என்ன பயன்? எதிரில் உட்காரும் பையன் நாலாவது நகர்த்தலிலேயே வேறு வழியில் போய்விடுவானே.

குகேஷ் விஷயம் இதைவிடத் தெளிவு. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை ரொம்ப நாள் கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடவிடாமல் வளர்த்தார் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. இன்ஜின் இல்லாமல் யாரும் மூச்சே விடாத காலத்தில் இது பெரிய துணிச்சல். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினாலாவது ஆட்டத்தில், டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியனானார். அந்தக் கடைசி ஆட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஓப்பனிங்கில் எந்தப் பூகம்பமும் இல்லை. டிரா என்று எல்லோரும் முடிவு கட்டிய நிலை. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டு போனார். குகேஷ் யானையை மாற்றினார், பிஷப்பை மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். காப்பபிளாங்கா முதல் அத்தியாயத்தில் சொல்லிக் கொடுக்கும் அதே முடிவு நிலை. உலகப் பட்டம் அங்கே தீர்மானமானது.

இனி மாணவர் பக்கம். நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகைப்படுத்துகிறது. சதுரங்க வகுப்பில் எட்டுப் பேரையும் பார்க்கலாம். இந்த வாரம் சிசிலியன், அடுத்த வாரம் ஃபிரெஞ்சு, அதற்கடுத்த வாரம் கிங்ஸ் இந்தியன் என்று ஒரு செடியில் ஒரு வாய் மேய்ந்து ஓடுகிறவன் ஆடு. கம்ப்யூட்டரில் வரும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு காரணத்தை ஒழுக விடுகிறவன் நெய்யரி, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் பன்னாடை. ஓப்பனிங்கை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவன் கிளி. கவனியுங்கள், கிளியை நன்னூலார் கடைசி வரிசையில் தள்ளவில்லை, மண்ணோடு சேர்த்து நடு வரிசையில் வைத்தார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வராது, நாலைந்து ஓப்பனிங்கின் முதல் ஏழெட்டு நகர்த்தல் மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும். கிளியைப் பசுவாக்க வேண்டியதே வகுப்பின் வேலை. வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்து அசைபோடுவது பசு. அசைபோட முழு ஆட்டங்கள் வேண்டும், வெறும் தொடக்கம் போதாது.

நம் ஊர் நிலையையும் யோசிக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின், அப்பாக்களும் அம்மாக்களும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். பெங்களூரில் இருக்கிற மாதிரி மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் பயிற்சியாளர் நமக்குக் கட்டுப்படியாகாது. கர்நாடகத்துக்கு முதல் கிராண்ட்மாஸ்டர், மைசூர் தேஜ்குமார், 2017-இல்தான் கிடைத்தார். அதற்கு முப்பது வருஷம் முன்னால் ஆனந்த் உலக ஜூனியர் சாம்பியன். அந்த இடைவெளியில் நம் பிள்ளைக்கு ஆசிரியராக இருக்கக்கூடியது நல்ல புத்தகம் ஒன்றே. அது தவறிப்போனால் பிள்ளை ஆறு மாசத்தில் பலகையை மடித்து வைத்துவிடும். ஆகவே ஒதுக்கும் தொகை எவ்வளவானாலும் என் பட்டியல் சின்னது. செர்னெவ் நாலு பிரதி, காப்பபிளாங்கா நாலு பிரதி. கொஞ்சம் தேறியவர்களுக்கு ஃபிஷரின் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்' இரண்டு பிரதி. தான் தால், ஸ்பாஸ்கி, கெல்லர் மூவரிடமும் தோற்ற ஆட்டங்களைத் தானே சேர்த்து உரை எழுதிய நேர்மை 1969-இல் வந்த அந்தப் புத்தகத்தில் உண்டு. ஆனந்தின் சிறந்த ஆட்டங்கள் தொகுப்பு ஒன்று. களஞ்சியம் ஒரே ஒரு பிரதி போதும், அதுவும் அலமாரியின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிற உயரத்தில்.

இவை எல்லாம் ஆங்கிலம். தமிழில் என் கைக்கு வந்த சதுரங்க நூல்கள் பெரும்பாலும் காய் நகர்த்தும் விதியோடு நின்றுவிடுகின்றன. எழுதலாம் என்று உட்கார்ந்தால் சொல்லிலேயே சண்டை. யானை என்பதா, கோட்டை என்பதா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மந்திரி என்றது ராணியை. இப்போது சிலர் பிஷப்பை மந்திரி என்கிறார்கள். ஓப்பனிங்கைத் 'திறப்பு' என்று எழுதுகிறார்கள், யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னால் அவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்டுவார். 'தொடக்க ஆட்டம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாம் சனிக்கிழமை வகுப்பில், ஒரு முழு ஆட்டத்துக்கு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வரி காரணத்தைப் பிள்ளைகளே தமிழில் நோட்டில் எழுதட்டும் என்று கேட்டிருக்கிறேன். முதல் ஆட்டமாக, 1972 ரெய்க்யாவிக்கில் ஃபிஷர் ஆடிய ஆறாவது ஆட்டத்தை எடுத்து வைத்திருக்கிறேன். தோற்ற ஸ்பாஸ்கியே எழுந்து நின்று கைதட்டிய ஆட்டம் அது. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கடைக் கணக்கில்.